அடுப்புக்கு மேல் தொங்கிய நாலு டேப்

பொரளைச் சந்தியில் புகை

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்த பியசேன என்ற சிங்களவரின் வான் வண்டியில், கொழும்பு பொரளைச் சந்தியில் வைத்து பொனட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. வேறு காலமென்றால் ஒரு வாளித் தண்ணீரோடு போயிருக்கும். அது யுத்த காலம். குண்டு என்று நினைத்துச் சனம் சிதறி ஓடியது. ஆமிக்காரர்கள் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள். ஒருவருக்கும் காயமில்லை என்பது பெரிய புண்ணியம்.

மறுநாள் பியசேன வானைக் கட்டி இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் கராஜுக்கு வந்தார். வாகன வயரிங் வேலை அங்கே என் பொறுப்பு. என்னோடு செல்வம் இருந்தான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன், என் வயதுக்காரன், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

ஹார்னஸ் என்பது வாகனத்தின் வயர்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிய கட்டு. புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் அது கருகிக் கிடந்தது. வீட்டு லைட்டுக்குச் சுற்றுகிற மலிவான கறுப்பு பிளாஸ்டிக் டேப்பை எவனோ ஒரு புண்ணியவான் அங்கே சுற்றியிருந்தான். சூட்டில் பசை கசிந்து, டேப் அவிழ்ந்து, வயர் இரும்பில் உரசி ஷோர்ட் ஆகியிருந்தது.

"மல்லி, சல்லி பத்திப் பரவாயில்ல," என்றார் பியசேன, தம்பிக்கு மல்லி, காசுக்குச் சல்லி என்று சிங்களம் கலந்த தன் தமிழில். "அந்தப் பிள்ளைங்க கத்தினது இன்னும் காதில இருக்கு. திரும்பப் புகை வரக் கூடாது."

கடைக்காரர் வாய்

புறக்கோட்டைக் கடையொன்றில் நாலு விதமான டேப் வாங்கினோம், மூன்று பிளாஸ்டிக், ஒன்று துணி. நாலையும் சூடு தாங்கும் என்றே கடைக்காரர் சத்தியம் செய்தார்.

"எல்லாம் தாங்கும் எண்டுதான் சொல்லுறார், செல்வம். எதை நம்புறது?"

"கடக்காரர் வாயி சூடு தாங்கும்ணே. டேப்பு தாங்குமான்னு நாமதான் பாக்கணும்."

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு டேப்பையும் ஒரு சாண் வயர்க் கட்டில் சுற்றி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். ஒரு கிழமை, ஏழு நாள் போனால் வண்டவாளம் தெரிந்துவிடும். கராஜில் பெட்ரோலும் பெயின்ட் கலக்கும் தின்னரும் கிடந்ததால் நெருப்புக்கு இடமில்லை. செல்வம் தங்கியிருந்த விடுதிச் சமையலறையில்தான் எப்போதும் தொங்கவிடுவான். இந்த முறையும் அப்படியே செய்தான். எங்களுக்கு அது டேப். மற்றவன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கிழமை முடியுமுன் பொலிஸ்காரர்கள் விடுதியைச் சுற்றிவளைத்தார்கள். அடுப்புக்கு மேலே வயர்க் கட்டுகள். குண்டு வயர் என்று செல்வத்தையும் அவற்றையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பொலிஸ் வாசல்

அவனைக் கேட்டு நான் பொலிஸுக்குப் போக வேண்டும். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், அந்தக் காலத்தில் சந்தேகத்துக்கு அதுவே போதும். போனால் நானும் திரும்பி வருவேனா என்று தெரியாது. பயந்தேன். வெள்ளவத்தை வீட்டில் மனைவி கதவடியில் வந்து நின்றாள்.

வான் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த பியசேனவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"என்ட வானுக்குத்தானே டேப் பார்த்தது? வா, போவம். வானையும் எடு."

தற்காலிகமாக வயர் கொடுத்து வானை ஓட்டிப் போனோம். பொலிஸ் வாசலில் அவரே பொனட்டைத் திறந்து கருகிய இடத்தைக் காட்டினார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"ஒரு வானுக்கு எதற்கு நாலு வகை டேப்?"

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சூடு, பசை, அடுப்பு. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்க்கதை போலக் கேட்டது. விசாரிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். பியசேன விடவில்லை. தினமும் அந்த வாசலில் போய் நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

கடைசியில் செல்வத்தை விட்டார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வானில் ஏறி உட்கார்ந்தான். மருதானையைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

"அண்ணே, துணி டேப்பே சுத்துங்க."

"என்ன சொல்லுறாய்?"

"என்னைய விசாரிச்ச மேசையிலதான் நாலையும் வச்சிருந்தாங்க. நிமிந்தா அடி விழும். அதனால அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். பிளாஸ்டிக் மூணும் பசை கக்கி அடியில இருந்த காகிதத்தோட ஒட்டிக்கிச்சு. துணி டேப்பு மட்டும் நுனிகூட அவுழலண்ணே."

பியசேன வானை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. எதற்கென்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்த வானுக்குத் துணி டேப்பைச் செல்வமே சுற்றினான். முடித்த கையோடு ஹட்டனுக்குப் போனவன் கொழும்புக்குத் திரும்பவில்லை. அந்த வானில் பிறகு புகை வரவும் இல்லை.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். என்ஜின் பக்கம் சூடு தாங்குகிற துணி டேப் போடுங்கள். டாஷ்போர்டுக்குள் சத்தம் வராதிருக்க மெத்தென்ற டேப் போடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டேப்பைச் சூடில்லாத இடத்துக்கு வையுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று எதையும் சுற்றாதீர்கள், பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். செல்வம் அடி வாங்கிக்கொண்டும் பார்த்தான்.