பம்புசெட்டுக்காரர்கள் பினாங்கு போனது

அம்மாவின் எருமை சினையாக இருந்ததால்தான் நான் பினாங்கு பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். தாராபுரத்தில் அப்பாவுக்குப் பம்புசெட்டுக் கடை. அந்த வருடம் நிறைய மோட்டார் விற்ற டீலர்களை, கடைக்கு இரண்டு பேர் வீதம், பினாங்குத் தீவுக்குக் கூட்டிப்போவதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அம்மா நாள் எண்ணிப் பார்த்தாள். எருமை கன்று போடுவதும் விமானம் ஏறுவதும் ஒரே வாரத்தில் வந்தன. "அங்க போயி இதையே நெனச்சுட்டு உக்காந்திருக்கறதுக்கு நானு இங்கயே இருந்துபோடறேன். புள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். அவசர அவசரமாக எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோயமுத்தூரில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற பெண்ணை யார் சும்மா விடுவார்கள்? கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த குடும்பத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து, பொருந்தியும் விட்டது. "பினாங்கு போயிட்டு வந்து பதில் சொல்றோமுங்க" என்று அப்பா தவணை வாங்கியிருந்தார். என்னைக் கேட்காமல் எதையும் முடிக்கிறவர் அல்ல அவர். பதில் நான்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. மெட்ராஸ் ரயிலில் ஏறியபோது அகப்பட்டது.

பொள்ளாச்சி டீலர் தன் மகனைக் கூட்டி வந்திருந்தார். அவருடைய மனைவிக்குக் கடல் தாண்ட பயமாம். எங்களுக்கு எதிர் பெர்த். மகனின் கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. என் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தவர், "உள்ள என்னங்க, மோட்டாருங்களா?" என்று கேட்டார். "முறுக்குங்க" என்றேன். அம்மா ஒரு டின் நிறையச் சுட்டுக் கொடுத்திருந்தாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பம்புசெட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்தான் பெயர். அப்பா தாராபுரத்தார். கேமரா வைத்திருந்தவரின் அப்பா பொள்ளாச்சியார். கோவை டீலர் ஒருவரின் மனைவி, கடற்கரைக்கும் பட்டுச்சேலையிலேயே வந்தவர், எல்லாருக்கும் ஆர்.எஸ்.புரத்து அக்கா. இந்தப் பழக்கத்தால்தான் ஒரு தப்பு நடந்தது. ஊரில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் கவுண்டர்கள் இரண்டு பேர் சந்தித்தால், காபி வருவதற்குள் "எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். ஆனால் இவர்கள் சந்தித்தது கடைக்காரர்களாக. எந்த ஊரில் தண்ணீர் எத்தனை அடி கீழே போயிருக்கிறது, எந்த மோட்டாரில் காயில் கம்பி சீக்கிரம் கருகுகிறது, இதைப் பேசவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. கூட்டம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன், முதல் நாளே தோன்றியது. ஆனால் பொள்ளாச்சியாரின் மகன் என் அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டார். முறை தெரியாத பெரியவரை அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் சாதாரணம்தான். இருந்தாலும் என் காதுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், தீவைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் டூர். கைடு அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். மைக் இல்லாமலே மைக் குரல், பேச்சுக்குப் பேச்சு அந்த ஊர் 'லா'. ஒவ்வொரு இடத்திலும் எங்கே நின்று படம் எடுக்க வேண்டும் என்று தரையைக் காட்டிச் சொல்வார். "இங்க நில்லுங்க லா. பின்னால கடல், மேல வானம், அழகா விழும். பத்து நிமிசம்தான்."

முதல் இடம் ஒரு கடற்கரை. வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த தென்னைமரங்கள். வெள்ளைக்காரர்கள் இந்த மரங்களைப் படம் எடுக்கவே வருகிறார்கள் என்றார் கைடு. எங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் கடலைப் பார்க்கவில்லை. பொள்ளாச்சியார் ஒரு மரத்தைத் தட்டி, அண்ணாந்து பார்த்து, "காப்பு நெம்பக் கம்மி. ஒரு பாத்தி கூட எடுக்காம உட்டிருக்கறாங்க" என்று வருத்தப்பட்டார். அப்பா, "உப்புத் தண்ணியில இதுக்கு மேல எப்படிங்க காய்க்கும்?" என்றார். பொள்ளாச்சியில் இருந்து தென்னைமரம் பார்க்க விமானம் ஏறி வந்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். பாவம் அந்த கைடு. மரத்துக்கு வருடத்துக்கு எத்தனை தடவை உரம் வைக்கிறார்கள் என்று நாலு பக்கமும் நின்று கேட்டார்கள். அவருக்கு எங்கே தெரியும்?

அந்தச் சந்தடியில் கேமராக்காரர் வந்தார். "மாமா, நீங்களும் அவங்களும் சித்த அந்த மரத்துக்கிட்ட நில்லுங்க."

அவர் படம் எடுப்பதெல்லாம் அப்படித்தான். கல்யாணம் ஆகாத பெண்ணைத் தனியாக எடுக்கக் கூடாது. பக்கத்தில் வந்து நிற்கவும் கூடாது. அதனால் எல்லாப் படத்திலும் அப்பா. பாம்புக் கோயிலில் அப்பா, நான், ஊதுபத்திப் புகையில் தூங்கிக்கொண்டிருந்த பச்சைப் பாம்பு. படுத்திருக்கும் புத்தர் கோயிலில் அப்பா, நான், புத்தரின் பாதம். கடைசியில் அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏந் தம்பி, பிலிம் பூராவும் எங்களுக்கேவா? உங்கப்பாவ எடுக்கலியா?"

"அவரு கண்ண மூடிக்கறாருங்க மாமா. பிலிம்தான் வேஸ்ட்டாகுது."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் மலை. கம்பி பிடித்து இழுக்கும் ரயிலில் ஏற்றினார்கள். உச்சியில் ஊட்டி மாதிரி குளிர் காற்று. பெரியவர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பால் சரியில்லை, தூள் சரியில்லை என்று தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் கைப்பிடி ஓரமாக நின்றேன். மொத்தத் தீவும் காலுக்குக் கீழே கிடந்தது. அவர் வந்து நாலு முழம் தள்ளி நின்றார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கடலை எடுக்கிற மாதிரியே பேசினார்.

"ஏனுங்க, ஊருக்குப் போனதும் எங்கம்மாவ உங்க ஊட்டுக்கு வரச் சொல்லட்டுங்களா?"

"எதுக்குங்க?" என்றேன். தெரியாத மாதிரி. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்க."

"கரூர்ல ஒரு ஜாதகம் பொருந்தியிருக்குதுங்க. போனதும் எங்கப்பா பதில் சொல்லோணும். சொல்றதுன்னா அவருகிட்ட இங்கயே சொல்லீருங்க."

அவர் கேமராவை இறக்கினார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிப்போடறேனுங்க. டூர் முடிஞ்சு பஸ்ல ஏறுனதும்."

மலையிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. அதையும் பார்த்துவிட்டால் பஸ்.

அந்தக் கடைசி இடம், கடலுக்குள் நீண்டு போகும் ஒரு மரப்பாலம். இரண்டு பக்கமும் மரக்கால்களில் நிற்கும் பலகை வீடுகள், வாசலில் சிவப்புக் காகித விளக்குகள், அடியில் படகுகள். மாலை வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கைடு விளக்கினார். "இது சீனர்கள் குடியிருப்பு. இந்தப் பாலத்துல இருக்கிறவங்க எல்லாம் ஒரே வம்சம், ஒரே குடும்பப் பேரு. அடுத்த பாலம் வேற வம்சம். ஒரே வம்சத்துக்குள்ள கல்யாணம் கட்ட மாட்டாங்க. அண்ணன் தங்கச்சி மாதிரி."

"அட, இதென்ன, நம்ம கூட்டமாட்டவே இருக்குது" என்றார் ஆர்.எஸ்.புரத்து அக்கா. உடனே கைடுக்கு எங்கள் வழக்கத்தை அவர் விளக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து கைடு பேசிக் கேட்டவர்களுக்கு இப்போது தாங்கள் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. கைடு சிரித்துக்கொண்டே, "அப்படின்னா இங்க வந்திருக்கிறவங்கள்ல யார் யாருக்கு யாரு மாமன், யாரு பங்காளி?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரர் கேட்ட கேள்வி. அதை எங்கள் ஆட்கள் மூன்று நாளாகக் கேட்காமல் இருந்ததுதான் அதிசயம். பாலத்தின் மேலேயே ஆளாளுக்குத் தன் கூட்டத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். அப்பா எங்கள் கூட்டத்தைச் சொன்னார். படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பொள்ளாச்சியார் சட்டென்று திரும்பினார்.

"என்னங்க சொன்னீங்க?"

அப்பா மறுபடியும் சொன்னார்.

"அட சாமீ, நானும் அதுதானுங்க! குலசாமி கோயில் எங்களுது ஆனைமலைப் பக்கமுங்க, அதுதான் நாம பாத்துக்கவே இல்ல."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்பா ஓர் ஆளைக் கட்டிப்பிடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, மகனும் இல்லை. "கடலைத் தாண்டி வந்து பங்காளியக் கண்டுபுடிச்சிருக்கறேன் பாரு கண்ணு. உனக்கு ஒரு அண்ணனும் கெடச்சுட்டான்" என்று என் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்ய முடியும்? சிரித்தேன்.

அவர் கேமராவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தார். ஆர்.எஸ்.புரத்து அக்கா அதைப் பிடுங்கி கைடு கையில் கொடுத்தார். "காத்தால இருந்து எல்லாத்தையும் நீயே எடுத்துட்டிருக்கற. தங்கச்சியோட சேந்து ஒண்ணு நில்லு. இன்னுங் கொஞ்சம் ஒட்டி நில்லு சாமி, தங்கச்சிதான, என்ன கூச்சம்?"

காலையிலிருந்து நாலு முழம் தள்ளி நின்றவரை என் தோளோடு தோள் இடிக்கத் தள்ளி நிறுத்தினார்கள். அத்தனை பேரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கைடு தரையைக் காட்டி, வெளிச்சம் பார்த்து, நேரம் எடுத்துக்கொண்டார்.

"எந்தக் கூட்டமுன்னு நேத்தே கேட்டிருக்கோணுங்க" என்றார் அவர், உதடு அசையாமல்.

"நல்லவேளை, கேக்கலீங்க" என்றேன்.

கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இந்தக் கதையைக் கேட்டால் என் மகள் இன்றும், "பேசாம ரெண்டு பேரும் ஓடிப்போயிருக்கலாமேம்மா" என்பாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அந்த முறையை மீறலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவ்வளவுதான். பங்காளி என்ற அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிடமே எல்லாம் முடிந்துபோயிற்று. பஸ்ஸில் ஏறும்போது அவர் அப்பாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "சன்னலோரமா உக்காந்துக்கங்க சித்தப்பா" என்றார். மாமா சித்தப்பா ஆவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பஸ் கிளம்பியது. அப்பா வெகுநேரம் பங்காளியைப் பற்றியே பேசினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். "கண்ணு, அந்தக் கரூர்க்காரங்களுக்கு என்ன சொல்றது? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு."

"சரின்னு சொல்லீருங்கப்பா."

"பையன் போட்டோவக்கூட நீ சரியாப் பாக்கலியே?"

"போட்டோ கெடக்குதுங்க. அவங்க எந்தக் கூட்டமுன்னு கேட்டுப்போட்டீங்கல்ல?"

"அதக் கேக்காம ஜாதகம் வாங்குவனா கண்ணு?"

"அப்பச் சரிங்கப்பா."

அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து, ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போனார். "தம்பி, தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியாச்சு. எனக்குப் பையன் இல்ல. நீதான் முன்ன நின்னு எல்லாஞ் செய்யோணும்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "செஞ்சுபோடலாமுங்க சித்தப்பா" என்று பதிலும் கேட்டது.

சொன்னபடியே செய்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே தாராபுரம் வந்து, பந்தல்காரர், சமையல்காரர், சொந்தக்காரர்களை ஏற்றி வரும் வேன் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். கூடப்பிறந்தவன் செய்ய வேண்டிய சீர் ஒன்றுகூடக் குறையவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரைப் பந்தியில் உட்காரவைத்து, இலைக்கு இலை குனிந்து, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று உபசரித்தார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா அவருக்கு இலை போட்டுவிட்டுத் தேடினாள். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டதாகச் சமையல்காரர் சொன்னார். வேலை வாங்கிவிட்டு அந்தப் பையனைப் பசியோடு அனுப்பிவிட்டோமே என்று அம்மா வெகுநாள் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாள்.