பக்கத்தில் யாராவது

"வீட்ல உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் விஷயத்துக்கே வருவார். பதில் வரும்வரை தொலைபேசி ஒயரைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டிருப்பார். யாரும் இல்லையென்றால் சேதி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லி, அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சேரும்வரை தண்ணீர் வருகிறதா, மழை உண்டா என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார். பிறகுதான் சொல்வார்.

தூதரகத்தில் அவர் இரண்டாம் நிலை அதிகாரி. வந்த இடத்தில் இறந்துபோகிற நம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பிரிவு. முதுகுக்குப் பின்னால் 'சாவுத்தந்தி' என்போம். அது அவருக்கும் தெரியும். "தந்தியையே நிறுத்திட்டாங்க, என்னைத்தான் இன்னும் நிறுத்தல" என்பார்.

கோட்டும் சூட்டும் விருந்துமாக ராஜ வாழ்க்கை என்று அவருடைய மச்சானுக்குப் பொறாமையாம். கோட்டு என்னவோ உண்மைதான். அதைப் போட்டுக்கொண்டு அவர் அதிகம் நின்ற இடம் பிணவறை. பெட்டியை மூடுமுன் இறந்தவரின் சட்டையில் மேல் பொத்தானைத் தன் கையால் போட்டுவிடுவார். மொழிபெயர்ப்பாளன் என்று கூடப் போகிற நான் ஒருமுறை எதற்கென்று கேட்டேன்.

"பெட்டியைத் தொறந்ததும் முகத்தைப் பாக்க தைரியம் வராது. கழுத்துலதான் கண்ணு நிக்கும். அது சரியா இருக்கணும்ல" என்றார்.

நாடு நாடாக மாற்றல் வந்ததில் மனைவி அலுத்துப்போய், மகளின் படிப்பைச் சாக்காக வைத்து ஊரிலேயே தங்கிவிட்டார். அந்த அம்மாளுக்குக் கிண்டல் நாக்கு. எங்கள் அதிகாரிக்கு ஒரு காது மந்தம் என்பதால் வீட்டு அழைப்புகளை ஒலிபெருக்கியில்தான் பேசுவார். எல்லாம் என் காதிலும் விழும். "இவரை ஓட வைக்கணும்னா வெளிநாட்டுல போய்ச் செத்தாத்தான் உண்டு" என்று ஒருநாள் அந்த அம்மாள் சொன்னார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் அந்த அம்மாளுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. முந்தின நாளே இவர் ஊருக்குப் போய்ச் சேர்வதாகத்தான் திட்டம். விடுப்பு கிடைத்தது, பயணச்சீட்டும் வந்தது. பார்த்து அந்த வாரம்தான் சாரத்திலிருந்து விழுந்து ஒரு கட்டடத் தொழிலாளி செத்துப்போனான். ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். நீங்கள் கிளம்புங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டோம்.

"இந்த ஒருத்தனை அனுப்பிட்டுப் போயிடறேன். அவங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பது அவர் காதில் மட்டும் ஏறவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

சிகிச்சை நடந்த அன்றைக்குத்தான் அந்த உடல் விமானம் ஏறியது. மறுநாள் காலை, விமான நிலையம் போகிற வழியில் சாவிகளை ஒப்படைக்க அலுவலகம் வந்தார். அவருடைய பயணப்பெட்டி வாசலில் நின்றது. தொலைபேசி அடித்தது. மகள். பள்ளி விடுமுறைகளிலெல்லாம் அப்பாவின் அலுவலக அறையில் உட்கார்ந்து படம் வரைந்தபடி, அவர் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பெண்.

"அப்பா, உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

குரல் நிதானமாகத்தான் இருந்தது.

விரல் ஒயரிலேயே நின்றுவிட்டது. எதிரே கிடந்த நாற்காலியை எட்டி இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். என்னைப் பார்த்துக் கைகாட்டினார். நான் வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, "இருக்காங்கம்மா" என்றார்.