கடைசிப் பத்து நிமிடம்

டெல்லி கனாட் பிளேஸ் தியேட்டர்களில் சாந்தகுமாரி பார்த்த பழைய ஹாலிவுட் படங்கள் நாற்பதுக்குக் குறையாது. அதில் ஒன்றையாவது முழுதாகப் பார்த்தாரா என்றால், இல்லை. அதற்குக் காரணம் கட்டிய கணவர் அய்யாசாமிதான்.

எழுபதுகளில் ஞாயிறு காலைக் காட்சியாக, பத்திருபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் குறைந்த டிக்கெட்டில் போடுவார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஆளுக்கொரு அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை பார்த்த இருவருக்கும் அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. படம் விட்டுக் கூட்டம் வெளியே வந்தால் சரோஜினி நகர் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அதனால் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அய்யாசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். கதாநாயகன் கழுத்தில் கத்தியே இருந்தாலும் அவருக்கு பஸ்ஸில் சீட்தான் முக்கியம். "மிச்சத்த நான் சொல்றேன், வா" என்பார். சொல்லவும் செய்வார். பஸ்ஸில் உட்கார்ந்ததும், நேரில் பார்த்து வந்தவர் மாதிரிக் கதையை முடித்து வைப்பார். சாந்தகுமாரியும் நம்பினார். மறுநாள் ஆபீஸில் அதையே மற்றவர்களுக்கும் சொன்னார்.

அந்த நாற்பதில் ஒரு படம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. சின்ன ஊர்த் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு மனைவி. நகரத்தில் பெரிய வேலை கிடைக்கிறது. கணவன் வேண்டாம் என்கிறான். அவள் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள், தூரத்தில் ரயில் வருகிறது. அந்த நேரம் பார்த்து அய்யாசாமி எழுந்துவிட்டார். பஸ்ஸில், "வீட்டுக்குத் திரும்பிருவா. வேற எங்க போவா?" என்றார்.

பதினோரு வருஷம் கழித்து சாந்தகுமாரிக்குப் பதவி உயர்வோடு பம்பாய்க்கு மாற்றல் வந்தது. உத்தரவை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தார். 'வேற எங்க போவா' என்பது காதிலேயே நின்றது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு சினிமாவை வைத்து யாராவது அப்படி முடிவெடுப்பார்களா என்று கேட்கலாம். இவர் எடுத்தார்.

இப்போது ஜனக்புரியில் வீடு. எழுபத்திரண்டு வயதில், மகள் கவிப்ரியாவின் லேப்டாப்பில் அந்தப் படங்களைத் தேடித்தேடி மறுபடி பார்க்க ஆரம்பித்தார். முதல் படத்திலேயே, பஸ்ஸில் சொன்ன கதையில் செத்துப்போயிருந்த கதாநாயகன் உயிரோடு எழுந்து நடந்து போனான். அடுத்ததில், அய்யாசாமி சேர்த்து வைத்திருந்த ஜோடி பிரிந்தது. எட்டுப் படம் பார்த்தார். எட்டிலும் மனுஷர் சொன்னது பொய்.

"அச்சா, அப்பாவே கதை எழுதியிருக்காரும்மா" என்று கவிப்ரியா சிரித்தாள்.

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. தபால் ஆபீஸ்காரியின் படம் மட்டும் எங்கு தேடியும் அகப்படவில்லை.

போன மாதம் லோதி ரோடு பக்கம் ஓர் அரங்கில் பழைய படங்களுக்கு விழா எடுத்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தத் தபால் ஆபீஸ்காரியின் படம். சனிக்கிழமையே அய்யாசாமியையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பெட்டி வந்தது, பிளாட்பாரம் வந்தது, ரயில் சத்தமும் கேட்டது. பக்கத்தில் எண்பது வயது அய்யாசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"எந்திரி சாந்தா. மெட்ரோல கூட்டம் வந்துரும்."

"நீங்க போங்க."

"முடிவுதான் தெரியும்ல, ஜல்தி வா."

"தெரியாது. நான் பார்க்கல. நீங்களும் பார்க்கல."

சாந்தகுமாரி குரலைத் தாழ்த்தவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தோளைத் தொட்ட கையை உதறிவிட்டு, நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறைக்கிறது என்று பின்னாலிருந்தவர்கள் முணுமுணுக்கவும், அய்யாசாமி தனியே வெளியே போனார்.

ரயில் நின்றது. அவள் ஏறினாள். அழவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு, எதிரே இருந்தவரிடம் மணி கேட்டாள். ரயில் கிளம்பியது. அவ்வளவுதான் படம்.

சாந்தகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பம்பாய் போயிருந்தால் வாழ்க்கை என்ன ஆகியிருக்குமோ, அது வேறு. போகலாம் என்பதையே தெரியவிடாமல் செய்துவிட்டாரே. பெயர்கள் ஓடி முடிந்து, விளக்குப் போட்டு, கூட்டம் கலைகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.

அய்யாசாமி மெட்ரோவுக்குப் போகாமல் வாசல்படியிலேயே நின்றிருந்தார்.

"என்ன, வீட்டுக்குத்தான திரும்பினா?"

சாந்தகுமாரி படி இறங்கினார். அய்யாசாமி பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏறிட்டாளா?"

"நாளைக்கும் இதே படம் போடுறாங்க. நான் வருவேன். தெரியணும்னா நீங்களும் வாங்க. கடைசி வரைக்கும் உட்காரணும்."