இரும்புப் பல்லுக்குப் பொட்டு

உடைந்த சாமானைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் மாமாதான். அம்மாவின் தம்பி. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். மேல்மண்ணைத் தோண்டும் ராட்சத இயந்திரத்தின் வாளிகளில் இரும்புப் பற்கள் இருக்கும். நெய்வேலி மண் அவற்றை அடிக்கடி உடைத்துவிடும். ஏன் உடைகிறது என்று பார்ப்பது மாமாவின் வேலை. நான் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் முதுகில் ஒன்று விழும். மாமா உடைந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தால் காபி வரும். இந்த அநியாயம் நாலாம் வகுப்பிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

அந்த வருஷம் மெட்ராஸ் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், ஆராய்ச்சிக்குச் சேர விரும்பினால் உடைந்த பல் ஒன்றோடு நேரில் வரும்படி மாமாவுக்கு எழுதியிருந்தார். விஜயதசமியன்று புறப்படுவதாக ஏற்பாடு. பொறுக்கி எடுத்த ஒரு பல் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் இருந்தது. "யாரும் தொடக் கூடாது" என்று மாமா சொன்னது உண்மைதான். என் தம்பி காலில் போட்டுக்கொள்வான் என்பதற்காகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று காலை சாமான் துலக்கும் வேலை எனக்கு. அரிவாள்மனை, கத்தரிக்கோல், அப்பாவின் சுத்தியல் எல்லாம் முடிந்தது. மாமாவின் ஆயுதம் மட்டும் அழுக்காகக் கிடக்கலாமா? புளியும் செங்கல் தூளும் போட்டு, கை சிவக்கத் தேய்த்தேன். பல்லின் உடைந்த பக்கம் பளபளவென்று வந்ததும், அதன் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் இட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சுரங்கத்துப் பூஜை முடிந்து பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்த மாமா, அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, போச்சு. முறிஞ்ச இடத்துல இருந்த கறையைக் காட்டத்தான் நான் மெட்ராஸ் போறதா இருந்தேன்."

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"அந்தக் கறுப்பு லேசுல போச்சா? ஒரு ஓரத்துல மட்டும் விடவே மாட்டேன்னுச்சு. மத்த இடமெல்லாம் ஒரே தேய்ப்புல போயிடுச்சு."

மாமா நிமிர்ந்தார். "எந்த ஓரம்?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நகம் மாதிரி வளைஞ்சு. அதுக்குள்ள வரி வரியா கோடு. கிளிஞ்சல்ல இருக்குமே, அப்படி."

மாமா எழுந்து ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தார். என்னையே வரையச் சொன்னார். நான் வரைய வரைய அவர் முகம் மலர்ந்தது. ஓரத்தில் விரிசல் விழுந்து, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, உள்ளே துரு ஏறியிருக்கிறது. மீதி ஒரே நாளில் முறிந்திருக்கிறது என்று அம்மாவிடம் விளக்கினார். அம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனால் தன் தம்பி சிரித்ததும் ஓங்கிய கை இறங்கியது. மூவரும் பொரி தின்றோம்.

கடைசியில் மாமா படத்துக்குக் கீழே, "பார்த்தவர்" என்று போட்டு என் பெயரை எழுதினார். இனிஷியலோடு, நாலாம் வகுப்பு 'பி' பிரிவு என்று. எனக்குத் திக்கென்றது. "வகுப்பு வேணாம் மாமா" என்று கெஞ்சினேன். "அதெல்லாம் இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிட்டார்.

மூன்றாம் நாள் மாமா மெட்ராஸிலிருந்து கை நிறைய மல்லிகைப்பூவோடு திரும்பினார். இடம் கிடைத்துவிட்டது. பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, நான் வரைந்த இடத்திலேயே கோடுகள் மங்கலாக இருந்தனவாம். வீடே கொண்டாடியது. நான் மட்டும் மாமாவைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"அவர் என் பேரைப் படிச்சாரா?"

"சத்தமாவே படிச்சார்."

தப்பு செய்தவர்களின் பெயரைத்தான் வகுப்பில் எழுதி வைப்பார்கள். எழுதியது மரியாதைக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? அரையாண்டுப் பரீட்சை வரை, கண்ணாடி போட்ட புது ஆள் யார் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாலும், மெட்ராஸ்காரர்தான் என்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன்.