பூரண சுகம் பெற்ற பிறகு

கொரோனாக் காய்ச்சல் விட்ட மறுவாரமே ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டேன். அவசரப்புத்தி என் கூடப் பிறந்தது. "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தாருங்க" என்று நான் சொன்னதும், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துச் சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. பாடகர் குழுவில் நான்தான் முதல் குரல். இவள் பாடினால்தான் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருக்கும் என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். மத்தியானம் தாலாட்டுப் பாடித் தூங்க வைப்பது என் பங்கு. ஒரு நாள் பாடிக்கொண்டே தொட்டிலருகில் நான் தூங்கிப் போனேன். கண் விழித்துப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் கொட்டக் கொட்ட விழித்தபடி என்னை வேடிக்கை பார்க்கின்றன. கூட வேலை செய்யும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளும் அப்படியே ஆனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு நாள் வீட்டைக் கூட்டிக் கழுவினால் அடுத்த நாள் படுக்கைதான். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் வராமல் "அந்தச் சாமான், அந்தச் சாமான்" என்று தடுமாறினேன். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நெஞ்சடிப்புக்கு வயிற்றுக் கேஸ், மூச்சுக்குப் பனி, மறதிக்கு வயசு, அசதிக்குக் கண்ணூறு. எடுத்த பரிசோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை. இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. சபை நடுவில் பூரண சுகம் என்று சொன்னவள் இப்போது முடியவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? எல்லோரும் நின்று பாடும்போது பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டு, அதை எடுக்கிற சாக்கில் உட்கார்ந்துகொள்வேன். பாவம், அந்தப் புத்தகத்தின் அட்டையே கழன்றுவிட்டது.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியதும் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் செல்லவில்லை. முதல் அடியின் பாதியிலேயே மூச்சு தீர்ந்தது. மிச்சப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். சமைக்க முடியாமல் போனாலும் தாங்கிக்கொள்வேன். பாட்டுப் போய்விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று பயமாக இருந்தது.

என் கணவர் எங்கள் குழுவில் மேளம் அடிப்பவர், அதிகம் பேசாதவர். மறுநாள் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா."

"எதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கிறவ ஏன் நேத்து பாடாம வாய அசைச்ச? எனக்குத் தெரியாதா? பஸ் வந்துரும், கெளம்பு."

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் ஒருவர் பதுளை வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தால், எங்கள் சபைப் போதகர்.

"ஐயா, நீங்களா?"

"ஒரு நோயாளியப் பாக்க வந்தேன். நீங்க?"

"நானும் அதுக்குத்தாங்க ஐயா."

என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேரும் பாத்தாச்சு" என்றார்.

உள்ளே இருந்தவர் தமிழ் பேசும் இளம் பெண் டாக்டர். என்னைச் சோதித்தார், பழைய ரிப்போர்ட்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அக்கா, இதுல ஏதாவது காய்ச்சலுக்கு முன்னுக்கு இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இருந்ததில்லை.

"அப்ப இதெல்லாம் வேற வேற வருத்தம் இல்ல, ஒரே நோய்தான். காய்ச்சல் போயிருச்சு, அதோட பாதிப்பு இன்னும் போகல. நிறையப் பேருக்கு இப்படி இருக்கு. இது சோம்பலும் இல்ல, உங்க மனப்பிரமையும் இல்ல."

"பாடலாங்களா டாக்டர்?"

"உக்காந்து பாடுங்க, கொஞ்சமாப் பாடுங்க. களைக்கிறதுக்கு முன்னுக்கே நிப்பாட்டிரணும். எப்ப முழுசாச் சரியாகும்னு என்னால சொல்ல ஏலாது. ஆனா கொஞ்சம் கொஞ்சமாக் குறைய இடமிருக்கு."

வருத்தம் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே வந்ததும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு முன்னால் அப்படிச் செய்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

பஸ் நிலையத்தருகே தேநீர்க் கடையில் போதகரும் எங்களோடு உட்கார்ந்தார். சில மாதங்களாக அவருடைய பிரசங்கம் பாதியாகக் குறைந்திருந்தது. சபையே அதற்காக ரகசியமாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலுக்கப்புறம் எனக்கும் மூச்சு தாங்கல தங்கச்சி. வசனமும் பாதியில மறந்துருது. சுருக்கமாப் பேசுறீங்க, ரொம்ப நல்லாருக்குன்னு எல்லாரும் கை குடுத்தாங்களா, நெசத்தச் சொல்ல வெக்கமாப் போச்சு."

எனக்கு வடை புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். நானும் எழுந்தேன்.

"பூரண சுகம்னு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேங்க. உசிரக் குடுத்தாரு, அது நெசம். மிச்சம் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு."

அல்லேலூயா வரவில்லை. பின்வரிசையில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள்.

"அப்ப பாட்டு நேரத்துல நானும் உக்காரலாங்களா ஐயா? காய்ச்சலுக்கப்புறம் காலு நிக்க மாட்டேங்குது."

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் கையைத் தூக்கினாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்காமலே உட்கார்ந்தார். ஆலயம் முழுவதும் சிரிப்பு பரவியது.

கிறிஸ்துமஸ் காலை நான் உட்கார்ந்துகொண்டே பாட்டை எடுத்தேன். இரண்டாம் அடியில் மூச்சு தீர்ந்தது. இந்தத் தடவை வாயை அசைக்கவில்லை, மூடிக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து அந்தக் கொழுந்து அக்கா எடுத்தாள். அவள் களைத்த இடத்தில் வேறு யாரோ எடுத்தார்கள். சுருதி கொஞ்சம் இறங்கியது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. நான் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தேன். கடைசிச் சரணத்துக்கு உள்ளே நுழைந்தேன். குரல் கரகரத்தது, மேலே போகும் இடத்தில் நடுங்கியது. ஆனாலும் என் குரல்தான். என் கணவர் மேளத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.