நீலமாக மின்னிய நூல்

எங்கள் பெரியப்பாவின் தோட்டத்துக்கு அடியில் ஒரு பழைய நகரம் கிடந்தது. அதைத் தோண்டிய அகழாய்வுக் குழுவில், மண்ணை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. குழியின் சுவரிலிருந்து மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, முடியைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் எங்கே அடுப்பு மூட்டினார்கள், எங்கே மாடு கட்டினார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். பானையும் மணியும் தேடுகிறவர்களுக்கு இது பைத்தியக்கார வேலை. இருந்துவிட்டுப் போகட்டும்.

கட்டிகள் உடையாமலிருக்க, பெரியப்பா தன் பனியன் கம்பெனியில் துணி வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாக அனுப்பினார். எங்கள் ஊரில் எண்ணெய் துடைப்பது முதல் மூக்கு சிந்துவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். கட்டிகளையும் அதில்தான் சுற்றினார்கள்.

சீவலில் பருத்தி நூல் தெரிந்ததும் குழுவே துள்ளியது. பெரியப்பா அதற்குள் விழாவுக்கு மண்டபம் பிடித்து, ‘ஈராயிரம் ஆண்டுப் பருத்தி’ என்று பிளெக்ஸும் அடித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த நூல் அநியாயத்துக்குப் புதுசாகத் தெரிந்தது. புற ஊதா ஒளியில் வைத்தேன். பளிச்சென்று நீலமாக மின்னியது. பனியன் வெள்ளையாகத் தெரியச் சேர்க்கிற மருந்தின் மினுமினுப்பு அது. அந்தக் காலத்தில் ஏது அந்த மருந்து?

பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

"ஏங் கண்ணு, நம்மூருக்குப் பெருமதான? நீ வாயத் தொறக்காம இருந்தா ஆருக்குத் தெரியும்?"

வாயைத் திறந்தால் குழியை மூடி வாழை வைத்துவிடுவதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தக் குழியில் எனக்குக் கிடைத்திருந்தது ஒரு வீட்டுத் தரை. சாணி மெழுக்கு, அதன்மேல் மிதிபட்ட மண், மறுபடி மெழுக்கு என்று ஏடு ஏடாக இருந்தது. பாதி வீடு இன்னும் வெட்டாமல் கிடந்தது.

மண்டபத்தில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

"பருத்தி கெடைக்கலீங்க. அது எங்க பெரியப்பா கம்பெனி நூலுங்க. கெடைச்சது ஒரு ஊட்டுத் தரைங்க. ஆரோ ஓயாம மொழுகியிருக்காங்க. அவங்களுக்கு ஆரும் பிளெக்ஸ் வெக்கலீங்க."

ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

அந்த வாரமே குழியை மூடினார்கள். இப்போது அங்கே வாழை நிற்கிறது. அழுதேன், மறைப்பானேன்? ஆனால் என் அறிக்கையில் தரை இருக்கிறது, பருத்தி இல்லை. என்றைக்காவது அந்த வாழையை வெட்டத்தானே வேண்டும்? அன்றைக்குக் கொத்துக்கரண்டியோடு வரப்பில் நிற்பேன்.