பெயிண்டர் கத்தவில்லை

அந்தச் சின்ன ஸ்கேன் மெஷின் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த புதிது. திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே அதன் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போடுவார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் எலும்பு முறிந்த வலி அடங்கிவிடும். நர்ஸுகள் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்ப்போம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் இனிக்கிறது, ஒரே ஒரு காலையைத் தவிர.

மதுக்கரையிலிருந்து ஒரு பெயிண்டரைக் கொண்டுவந்தார்கள். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது.

"வலி எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"கொஞ்சந்தானுங்க சிஸ்டர். நீங்க மொதல்ல அவரைப் பாருங்க."

பக்கத்துக் கட்டிலில் மணிக்கட்டு முறிந்த ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். நான் பெயிண்டரின் சீட்டில் 'வலி குறைவு' என்று எழுதிவிடாமல் யோசித்திருக்க வேண்டும். எழுதிவிட்டு, டாக்டரை அந்தப் பக்கம் கூட்டிப்போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, பெயிண்டர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன்.

ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டன. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்படி ஒரு ஊசி இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நானும் கத்தியிருப்பனுங்க சிஸ்டர்."

நானும் அவர் ஊர்ப்பக்கத்துக்காரிதான். அடுத்தவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், பசி அடங்காமலே "போதுங்க" என்று இலையை மறைப்பவள். அவர் சொன்ன "கொஞ்சந்தானுங்க"வை மட்டும் எப்படி அப்படியே நம்பினேன்?